"ஐபிவி6 எங்களிடம் இல்லை" என்று சொல்லும் அலுவலகங்களுக்கு

நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதிக்கப் போகும் இடங்களில், ஐபிவி4-க்கு அடுத்து வந்த இணைய முகவரி முறையான ஐபிவி6 பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் நாங்க போடலைங்க." அவர்கள் போடவில்லை என்பது உண்மைதான். ஆனால் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே ஐபிவி6 தானாகவே இயங்கும் நிலையில்தான் வருகிறது. லினக்ஸ், மேக், கைப்பேசி எல்லாமே அப்படித்தான். எந்தப் போக்குவரத்தை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் ஃபயர்வால் விதிகள் மட்டும் ஐபிவி4-க்கு எழுதியதோடு நின்றுவிடுகின்றன.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உள்ளிருந்து வரும் தாக்குதல். விண்டோஸ் கணினி அவ்வப்போது "எனக்கு ஐபிவி6 முகவரி தர யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட்வொர்க்கில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஐபிவி6 அமைக்காத அலுவலகத்தில் பதில் சொல்ல யாரும் இல்லை. அலுவலகக் கணினிகளை இணைக்கும் அதே சுவிட்ச்சில் ஒட்டிக்கொண்ட, தாக்குபவரின் லேப்டாப் பதில் சொன்னால்? முகவரி தருவதோடு, "தளப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரும் நான்தான்" என்று சொல்லிவிடும். விண்டோஸ் அதை நம்பி, பெயர்களைத் தேடும் கோரிக்கைகளை அங்கே அனுப்பத் தொடங்கும். அதன்பிறகு போலி ப்ராக்ஸியை, அதாவது இணையத்துக்கு நடுவில் நிற்கும் சர்வரைக் காட்டி, லாகின் சான்றுகளை வேறொரு சர்வருக்குக் கடத்துவது பெரிய வேலையில்லை. 2018-ல் வெளியான மிட்ம்6 என்ற கருவி இதை அப்படியே செய்து காட்டியது. ஐபிவி6-ஐக் கவனிக்காத இடத்தில்தான் இது சுலபமாகப் பலிக்கிறது.

அடுத்தது சுரங்கங்கள். ஐபிவி4-லிருந்து மாறுவதற்காக வந்த 6டு4, ஐசாடாப் போன்றவை ஐபிவி6 பாக்கெட்டை (தரவுத் துண்டை) ஐபிவி4 உறைக்குள் வைத்து, புரோட்டோகால் 41 என்ற எண்ணோடு அனுப்புகின்றன. டெரிடோ அதையே யுடிபிக்குள் வைத்து, 3544-ஆம் போர்ட் வழியாக, பல கணினிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் நேட்டையும் தாண்டிவிடும். மேலுறையை மட்டும் பார்க்கும் ஃபயர்வாலுக்கு உள்ளே போவது என்னவென்றே தெரியாது. 6டு4-இல் இன்னொரு சிக்கலும் உண்டு: பாக்கெட் யாருடைய ரிலே (இடைநிலை ரவுட்டர்) வழியாகப் போய்த் திரும்புகிறது என்பது நம் கையில் இல்லை. அந்தப் பொது ரிலே முறையை, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2015-ல் கைவிட்டுவிட்டது. புதிய விண்டோஸில் இவை முடக்கப்பட்டே வருகின்றன. ஆனால் பில் போடுவதற்கும் வருகைப்பதிவுக்கும் இன்னும் விண்டோஸ் 7-ஐ ஓட்டுகிறவர்கள் உண்டு.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஜியோ போன்ற நிறுவனங்கள் ஐபிவி6-ஐப் பரவலாகத் தருகின்றன. வீட்டுக் கணினியை அலுவலகத்தோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் ஐபிவி4-ஐ மட்டும் சுமந்தால், ஐபிவி6-இல் கிடைக்கும் தளங்களுக்கான போக்குவரத்து விபிஎன்னுக்கு வெளியே நேராகப் போய்விடும். இது நடப்பதை ஊழியர் உணரவே மாட்டார்.

சரி, ஐபிவி6-ஐ மொத்தமாக அணைத்துவிடலாமா? நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸில் அப்படிச் செய்ய வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. சுவிட்ச்சில், போலி ரவுட்டர் அறிவிப்புகளைத் தடுக்கும் ஆர்ஏ கார்டு, முகவரி தரும் போலி சர்வர்களைத் தடுக்கும் டிஹெச்சிபிவி6 கார்டு இரண்டையும் இயக்குங்கள். தேவையில்லாத இடத்தில் புரோட்டோகால் 41-ஐயும் யுடிபி 3544-ஐயும் எல்லையிலேயே நிறுத்துங்கள். ஐபிவி4-க்கு எழுதிய ஒவ்வொரு விதிக்கும் ஐபிவி6 ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய பழக்கத்தில், ஐபிவி6-இன் பிழை, அறிவிப்புச் செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பிவி6-ஐ முழுதாக அடைத்துவிடாதீர்கள். பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிப்பதும், பாக்கெட் பெரிதாகிவிட்டது என்று அனுப்புநருக்குச் சொல்வதும் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. அடைத்தால் சில தளங்கள் பாதியில் தொங்கும், காரணம் பிடிபடாது.