வாட்ஸ்அப் ஃப்ரீதானே சார்?

போன வாரம் ஒரு குடும்பம் என் அலுவலகத்துக்கு வந்தது. சிங்கப்பூர், மலேசியா ஆறு நாள் சுற்றிவிட்டு வந்து இருபது நாள்தான் ஆகிறது. போட்டோ காட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து காபி சொன்னேன். அப்பா எதுவும் பேசாமல் போனை நீட்டினார். போஸ்ட்பெய்ட் பில். 38,000 ரூபாய்ச் சொச்சம். அவருக்கு நான் போட்டுக் கொடுத்த திருச்சி–சிங்கப்பூர் டிக்கெட்டைவிட அதிகம்.

“ஒரு போன்கூட பேசல சார். வெறும் வாட்ஸ்அப்தான். வாட்ஸ்அப் ஃப்ரீதானே?”

திருச்சியில் 19 வருடமாக டூர் நடத்துகிறேன். இந்தக் கேள்வியை இந்த ஒரு வருடத்தில் மட்டும் ஆறாவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. எந்த சிம் கம்பெனி என்று கேட்காதீர்கள், அது இங்கே விஷயமே இல்லை.

வாட்ஸ்அப் ஃப்ரீதான், யார் இல்லை என்றது? ஸ்ரீரங்கத்தில் அன்னதானமும் இலவசம்தான். சாப்பிட ஸ்ரீரங்கம் போகிற ஆட்டோவுக்கு யார் காசு கொடுப்பது? வாட்ஸ்அப் உங்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. அது ஏறிப் போகிற டேட்டாவுக்குத்தான் காசு. ஊரில் அந்த டேட்டா மாதக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகிறது, அதனால் அதற்கு விலை இருப்பதே நமக்கு மறந்துவிட்டது. வெளிநாட்டில் உங்கள் இந்திய சிம் அந்த ஊர் டவரை வாடகைக்கு எடுக்கிறது. இதற்குப் பெயர்தான் ரோமிங். அதற்கென்று இருக்கும் தனித் திட்டமான ரோமிங் பேக் போடவில்லை என்றால் வாடகை ஜிபி கணக்கில் வராது, எம்பி கணக்கில் வரும். ஒரு ஜிபி என்பது ஆயிரத்துச் சொச்சம் எம்பி. ஊரில் ஒரு ஜிபிக்கு நீங்கள் கொடுப்பதைவிட அங்கே ஒரு எம்பிக்கு அதிகமாகக் கொடுக்க நேரலாம்.

கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன், ஏனென்றால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தக் குடும்பத்து அம்மா சிங்கப்பூரின் மெர்லயன் சிலை முன்னால் நின்று லால்குடியில் இருக்கும் தங்கைக்கு இருபது நிமிடம் வீடியோ காலில் ஊரைக் காட்டியிருக்கிறார். வீடியோ கால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து எம்பி இழுக்கும். இருபது நிமிடத்துக்கு நூறு எம்பி. எம்பிக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, பத்தாயிரம் ரூபாய்க்குத் தங்கைக்கு மெர்லயனைக் காட்டியிருக்கிறார். அந்தக் காசுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

சரி, மீதிப் பணம்? அது இன்னும் வேதனை. தாத்தாவின் போன். அவர் யாருடனும் பேசவில்லை, போனைத் தொடவே இல்லை. அறுபது பேர் இருக்கும் சொந்தக்காரர்கள் குரூப்பில் தினமும் வரும் குட் மார்னிங் வீடியோக்கள் சட்டைப் பையில் தானாக இறங்கிக்கொண்டிருந்தன. போனில் ஏற்கெனவே இருந்த போட்டோவெல்லாம் தானாக ஆன்லைன் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஊரில் ரோமிங் திறந்துவிட்ட கடைப் பையன், டேட்டா ரோமிங் சுவிட்சையும் சேர்த்துப் போட்டுவிட்டிருக்கிறான். ரோமிங் வேறு, டேட்டா ரோமிங் வேறு. முன்னது சிம்மில் இருக்கும் சேவை, ஓடிபி வருவதற்கு அது வேண்டும். பின்னது உங்கள் போன் செட்டிங்ஸில் இருக்கும் சுவிட்ச். விமானம் ஏறும் முன் இந்த இரண்டாவதை வீட்டில் எல்லோர் போனிலும் அணையுங்கள். தாத்தா, பாட்டி, பேரன் கேம் ஆடும் பழைய போன், எல்லாவற்றிலும்.

“அப்போ நெட் இல்லாம எப்படி சார்?” நெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் ரோமிங் பேக் போடுகிறார்கள், அதுதான் வீண். இரண்டு பேருக்கு அந்த ஊர் சிம் வாங்குங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலேயே சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் விற்கிறார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். மலேசியாவுக்கும் போகிறீர்கள் என்றால் அங்கேயும் வேலை செய்யும் சிம்மா என்று கேட்டு வாங்குங்கள். பல திட்டங்களில் அது சேர்ந்தே வருகிறது. மற்றவர்கள் அந்த இரண்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொள்ளலாம். ஏன் இரண்டு? ஒன்று போதாதா? சிங்கப்பூரில் முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடைக்குள் ஒரு முறை மாமனாரைத் தொலைத்துப் பாருங்கள், புரியும். ஹாட்ஸ்பாட் உள்ள மருமகன் மூன்றாம் மாடியில், நெட் இல்லாத மாமனார் தரைத்தளத்தில் நகைக்கடை அருகே. எங்கள் குரூப்பில் நடந்தது, ஒன்றரை மணி நேரம் தேடினோம்.

இதில் ஒரு புதுத் தலைவலி, அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பிய ஐபோன். 14-வது மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். சாங்கியில் காசு கொடுத்துச் சிம் வாங்கி, ஓட்டையைத் தேடிக்கொண்டு நின்ற ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். சிலது அங்குள்ள கம்பெனியோடு பூட்டியே வரும், வேறு சிம்மை ஏற்காது. உங்கள் போன் எது என்று கிளம்பும் முன் பாருங்கள். இ-சிம் வாங்குவதானால், அதில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் இருக்கும், போன் நம்பர் இருக்காது. கண்ட ஆப்பிலும் வாங்காதீர்கள். வெளிநாட்டு சிம்மை இங்கே விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அது இல்லாததால் 2024 ஜனவரியில் இரண்டு பிரபல ஆப்களை இங்கே முடக்கினார்கள்.

அந்த ஊர் சிம் போட்ட பிறகும் இந்திய சிம்மில் பில் வந்ததாகச் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். இரண்டு சிம் போனில், ஒன்றில் சிக்னல் குறைந்தால் மற்றதுக்குத் தானாகத் தாவும் வசதி ஒன்று இருக்கிறது. அதையும் அணைக்க வேண்டும். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் தப்பிப்பீர்கள், இருந்தாலும் இரண்டு பூட்டு நல்லது.

இந்திய சிம்மைக் கழற்றி எறியாதீர்கள். பேங்க் ஓடிபி அதில்தான் வரும். சில பேங்க் ஆப்கள் சிம் மாறினாலே மறுபடி பதிவு செய்யச் சொல்லும், ஆர்ச்சர்ட் ரோட்டில் நின்றுகொண்டு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம். வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு பேங்க் கார்டைத் திறக்கும் வேலையையும் ஊரிலேயே முடியுங்கள். ஒரே சிம் தட்டு உள்ள போன் என்றால் கழற்றிய சிம்மை செல்லோ டேப் போட்டு ஒரு விசிட்டிங் கார்டில் ஒட்டி பர்ஸில் வையுங்கள். விரல் நகம் அளவு பொருள், ஹோட்டல் கம்பளத்தில் விழுந்தால் கிடைக்காது.

ரோமிங்கில் வருகிற காலுக்கும் காசு. பால்காரர் கூப்பிட்டாலும் காசு உங்களுடையது. எடுக்காதீர்கள்.

ரோமிங் பேக்தான் போடுவேன் என்கிறவர்களுக்கு: தாராளமாகப் போடுங்கள். மூன்று நாள் வேலையாகப் போய்வருபவருக்கு அதுவே சுலபம். ஆனால் நீங்கள் போகும் எல்லா நாடும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், நடுவில் விமானம் மாறும் துபாயும் தோஹாவும் உட்பட. சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜோகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும். தனுஷ்கோடியில் நின்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே இலங்கை உங்களை வரவேற்று மெசேஜ் அனுப்பும்.

கப்பல் பயணம் இப்போது எல்லோருக்கும் ஆசையாகிவிட்டது. கரை மறைந்ததும் போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடிக்கும். அது எந்த நாடும் இல்லை, சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அங்கே செல்லாது. ஏறியதும் ஃப்ளைட் மோட், இறங்கும்வரை ஃப்ளைட் மோட். நெட் வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையைக் காசு கொடுத்து வாங்குங்கள், அது எவ்வளவோ மேல்.

துபாய் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் பெரும்பாலும் போகாது. போன் கெட்டுவிட்டது என்று ராத்திரி ஒரு மணிக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். கூப்பிடுவதும் இந்திய சிம்மில்தான் கூப்பிடுகிறீர்கள்.

போகிற ஊரின் கூகுள் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். நெட் இல்லாதபோது கார் வழி மட்டும்தான் சொல்லும், நடக்கிற வழியும் பஸ், ரயில் வழியும் சொல்லாது. ஹோட்டல் முகவரியை ஒரு தாளில் எழுதி தாத்தா பையில் வையுங்கள், சார்ஜ் போகாது.

அடுத்த மாதம் கோலாலம்பூருக்கு 32 பேர் குரூப் போகிறது. திருச்சி ஏர்போர்ட்டில் செக்-இன் வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொருவர் போனையும் கேட்டு வாங்கி, அந்த ஒரு சுவிட்சைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவேன். வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் படிக்க மாட்டேன். பெரியவர்கள் தயவுசெய்து லாக்கைத் திறந்து கொடுங்கள்.