ஏழு வருடம் காத்த ஒயினை அடுப்படியில் வைக்கலாமா?

லண்டனில் நான் ஒயின் பரிமாறும் உணவகத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். கையில் ஒரு பாட்டில். லெபனானின் ஷத்தோ முசார் நிறுவனத்துச் சிவப்பு ஒயின். கல்யாணப் பரிசாக வந்ததைப் பத்தாவது மணநாளுக்கென்று எடுத்து வைத்திருந்தார்களாம். கார்க் ஒரு நூல் அளவு வெளியே தள்ளியிருந்தது. பார்த்ததுமே எனக்கு மனம் கனத்துவிட்டது.

“எங்கே வைத்திருந்தீர்கள்?”

“ஃபிரிட்ஜுக்கு மேலேதான் அண்ணா, பத்திரமா.”

திறந்தேன். கொதிக்கவைத்த ஜாம் வாசனை. பத்து வருடச் சூடு அதைச் சமைத்தேவிட்டது.

முசாரை உருவாக்குகிறவர்களே எவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள் என்று தெரிந்தால் இந்த இழப்பு இன்னும் வலிக்கும். சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெக்கா பள்ளத்தாக்கில் திராட்சை பறித்து, மலை தாண்டி கஸீர் என்ற ஊரிலுள்ள தங்கள் ஒயின் ஆலைக்கு லாரியில் கொண்டுவருகிறார்கள். உள்நாட்டுப் போரால் 1976-இல் ஒயினே இல்லை. கேபர்னே சாவின்யோன், சன்சோ, காரிஞான் ஆகிய மூன்று திராட்சை வகைகளையும் தனித்தனியாகப் புளிக்கவைத்து, ஓக் பீப்பாயில் ஓராண்டு வைத்து, அதற்குப் பிறகுதான் கலக்கிறார்கள். பாட்டிலில் அடைத்தும் உடனே விற்பதில்லை. கடைக்கு வர அறுவடையிலிருந்து ஏழு வருடம் ஆகிறது.

கலவை என்றதும் கலப்படம் என்று நினைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அது தவறு. கேபர்னேயின் துவர்ப்பு நாவல்பழம் தின்றது போல நாக்கைப் பிடித்து இழுக்கும்; அந்தத் துவர்ப்புதான் ஒயினைப் பல காலம் தாங்குகிறது. காரிஞான் புளிப்பைத் தருகிறது, சன்சோ மணத்தையும் மென்மையையும். வருடங்கள் போகப்போக, துவர்ப்புத் துகள்களும் நிறத் துகள்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனத்து, மண்டியாக அடியில் படிகின்றன. கருஞ்சிவப்பு மங்கி, விளிம்பில் பழம்புளியின் பழுப்பு எட்டிப்பார்க்கும். பழவாசனை பின்வாங்க, பதனிட்ட தோலும் காய்ந்த அத்தியும் ஈரமண்ணும் மேலெழும்.

எல்லா ஒயினுக்கும் இது நடக்காது. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டியவை. துவர்ப்பும் புளிப்பும் பழச்சுவையும் மூன்றுமே கனமாக இருந்தால் மட்டும் காத்திருங்கள்.

காத்திருக்கப் போகிறீர்களா? பாட்டிலைப் படுக்கவையுங்கள், கார்க் நனைந்தே இருக்கட்டும். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் நல்லது. அதைவிட முக்கியம், வெப்பம் ஏறி இறங்கக் கூடாது. வெயிலும் வேண்டாம், அதிர்வும் வேண்டாம். வீட்டில் நிலவறை இல்லையென்றால் ஒயினுக்கென்றே விற்கும் குளிர்பெட்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் வாடகைக்குக் காத்துத் தரும் கிடங்கில் ஒப்படையுங்கள். சமையலறை மட்டும் வேண்டவே வேண்டாம்.

திறக்கும் நாளுக்கு முன்தினமே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் இதைச் செய்யாமல் ஒரு பழைய முசாரை நேரே ஊற்றினேன். கடைசி இரண்டு கோப்பையும் கலங்கல். இப்போது பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, கையை ஆட்டாமல், மெல்ல வேறு குடுவைக்கு மாற்றுகிறேன். மண்டியின் கறுப்பு இழை பாட்டிலின் தோளைத் தாண்டி வரும்போது நிறுத்திவிடுவேன். அடியில் ஒரு விரற்கடை ஒயின் நின்றுபோகும். நிற்கட்டும்.