ஜாக்கின் மேல் நிற்கும் காரில் பிரேக் ஹோஸைச் சோதிக்காதீர்கள்

இந்த ஆண்டு வசந்த காலம் தொடங்கியபின் என் பட்டறைக்கு, பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வளையும் குழாயான பிரேக் ஹோஸ் டயரில் உரசும் இதே குறையோடு வந்த மூன்றாவது கார் இது. இங்கிலாந்தில் உறுப்புகளை வாங்கித் தாங்களே கோக்கும் கிட் கார் கட்டுபவர்களில் பலர் குளிர்காலம் முழுவதும் கராஜில் உழைத்துவிட்டு, அப்படிக் கட்டிய வண்டி சாலைக்கு வருமுன் தேற வேண்டிய ஐ.வி.ஏ. என்னும் அரசுச் சோதனைக்கு நாள் குறித்தபின், அதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி வண்டியைக் கொண்டுவருகிறார்கள். லோட்டஸ் செவன் வடிவில் கட்டப்பட்ட இந்தக் காருக்காக உரிமையாளர் மூன்று குளிர்காலங்களைச் செலவிட்டிருந்தார். அலுமினியத் தகடுகளில் முகம் பார்க்கலாம். வயர்கள் நூல் பிடித்தாற்போல் ஓடின. ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனை மேலே ஏற்றி, ஸ்டியரிங்கை இடது கோடி வரை திருப்பியபோது, வலது டயரின் உட்சுவர் பிரேக் ஹோஸை அழுத்திக்கொண்டு நின்றது. சோதித்தீர்களா என்று கேட்டேன். சோதித்ததாகவும், எங்கும் தொடவில்லை என்றும் சொன்னார். காரை ஸ்டாண்டின் மேல் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சோதித்திருக்கிறார்.

ஸ்டாண்டின் மேல் நிற்கும் காரில் சஸ்பென்ஷன் அதன் கீழ் எல்லையில் தொங்குகிறது. சாலையில் கார் பெரும்பாலும் அந்த நிலையில் ஓடுவதில்லை. சக்கரமும் இல்லாதபோது, ஹோஸ் எதன்மீது உரசுமோ அந்தப் பொருளையே அகற்றிவிட்டு உரசுகிறதா என்று பார்த்ததாகிறது.

தொட்டால்தான் என்ன, இது ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ்தானே என்று அவர் அடுத்துக் கேட்டார். மூன்று பேரும் கேட்டது இதுவே, சென்ற ஆண்டு வந்தவர்களும் கேட்டது இதுவே என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். அந்தப் பின்னல் ஹோஸுக்குக் கவசம் அன்று. உள்ளே பிரேக் எண்ணெயைத் தாங்குவது டெஃப்லான் குழல். அவசரமாக மிதிக்கும்போது 100 பார் வரை எட்டக்கூடிய அழுத்தத்தில் அந்தக் குழல் உப்பிவிடாமல் இறுக்கிப் பிடிப்பதற்காகவே மெல்லிய கம்பிகளைப் பின்னியிருக்கிறார்கள். உரசலில் அந்தக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடும். அறுந்த முனை உட்பக்கம் திரும்பினால் குழலையே குத்தும். சாலை மணல் பின்னலின் இடுக்கில் புகுந்து, ஹோஸ் வளையும் ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து அராவும். இதைவிட மோசமானது, அந்த ஹோஸே ஓர் அரமாகிவிடுவதுதான். சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கையான விஷ்போனின் பெயின்டைத் தின்றுவிட்டு இரும்பைத் தொட்ட ஹோஸையும், பக்கத்தில் ஓடிய பிரேக் பைப்பில் பள்ளம் போட்ட ஹோஸையும் நான் கழற்றியிருக்கிறேன். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு விற்பது இந்த அரத்தை மழுக்குவதற்குத்தான். உறையைக் கண்டு உரசலுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். இன்னொன்று: ரப்பர் ஹோஸ் மடங்கி நிமிர்ந்தால் பெரும்பாலும் பழைய வடிவுக்கு வரும், டெஃப்லான் ஒருமுறை ஒடிந்து மடங்கினால் வராது. அப்படி மடங்கியதைக் குப்பையில் போடுங்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? குலுக்கலைத் தணிக்கும் டாம்பரிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, காரில் போடப்போகும் அதே சக்கரத்தையும் டயரையும் மாட்டுங்கள். விஷ்போனின் வெளிமுனையில் உள்ள கீழ் பால் ஜாயின்ட்டின் அடியில் ஜாக் வைத்துச் சஸ்பென்ஷனை மேல் எல்லை வரை ஏற்றி, ஸ்டியரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். கீழ் எல்லைக்கு இறக்கி அதையே மறுபடியும் செய்யுங்கள். இடைப்பட்ட உயரங்களையும் விடாதீர்கள், ஏனெனில் ஹோஸின் வளையம் நடுவழியில்தான் ஸ்பிரிங்குக்குள் நுழையப் பார்க்கும். எந்த நிலையிலும் 15 மில்லிமீட்டர் இடைவெளியாவது இருக்க வேண்டும் என்பது என் பட்டறைக் கணக்கு. கீழ் எல்லையில் ஹோஸ் விறைத்து நின்றால் அது குட்டை. சக்கரம் தொங்கும்போது பாரத்தை டாம்பர் தாங்க வேண்டுமே தவிர ஹோஸ் தாங்கக்கூடாது. நீளமாக இருப்பதும் பாதுகாப்பு அன்று, அது டயரைத் தேடிப் போகும். அப்படிப்பட்டதை விஷ்போனோடு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டுகிறார்களே, அங்கே ஹோஸ் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டிய வளைவு அந்த ஒரே புள்ளியில் விழுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சரியான நீளத்தில் ஹோஸ் செய்து தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அளவெடுக்க அதே பருமனுள்ள பழைய ஹோஸ் துண்டு ஒன்று போதும்.

மாட்டும்போது முறுக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஹோஸில் நெடுகக் கோடு இருப்பது இதற்காகவே. பின்னல் ஹோஸில் அது இல்லாவிட்டால் பெயின்ட் பேனாவால் நீங்களே ஒரு கோடு இழுத்துக்கொள்ளலாம். சக்கரத்தருகே பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பரில் சேரும் முனையை முதலில் இறுக்குங்கள். சேசிஸில், அதாவது காரின் சட்டகத்தில், ஹோஸைப் பிடிக்கும் பிராக்கெட்டில் நட்டைத் திருகும்போது ஹோஸின் அறுகோண முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் செல்ல உள்ளே துளையுள்ள பேஞ்ஜோ போல்ட்டுக்குப் புதிய செப்பு வாஷர்கள் போட வேண்டும் என்று இன்னமும் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்.

பழைய கார்களின் உறுப்புகளைக் கலந்து கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரையம்ப் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களின் முனைகள் பெரும்பாலும் யு.என்.எஃப். என்னும் அங்குல அளவு வகையில் 3/8 அங்குல மரை, கிட் கார்களுக்குப் பலர் உறுப்பு எடுக்கும் ஃபோர்டு சியராவின் முனைகள் 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டர்தான், மரையின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சிறியது பெரியதற்குள் தொளதொளவென்று ஏறி, இறுகியதுபோல் நடித்து, பெடலை ஓங்கி மிதிக்கும் நாளில் உருவிக்கொண்டு வரும். சியராவின் பழைய ரப்பர் ஹோஸையே பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தக் காரின் உற்பத்தி 1993இல் நின்றுவிட்டது. ஹோஸின் வயதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஐ.வி.ஏ. தேர்வாளர் பார்த்துக்கொள்வார் என்ற பதிலையும் கேட்டிருக்கிறேன். அவர் ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிப் பார்ப்பார், உரசல் தெரிந்தால் தேர்ச்சி தரமாட்டார். ஆனால் உங்கள் ஸ்பிரிங்கைக் கழற்றிச் சஸ்பென்ஷனை மேல் எல்லைக்கு ஏற்றிப் பார்ப்பது அவர் வேலை அன்று.

இந்தக் காரில் பிராக்கெட்டை 25 மில்லிமீட்டர் மேல்நோக்கியும் பின்நோக்கியும் நகர்த்தி, முன்பிருந்ததைவிட 40 மில்லிமீட்டர் குட்டையான ஹோஸ்களைச் செய்யச் சொல்லியிருக்கிறோம். சோதனை நாளைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. புதியவை வந்து மாட்டியபின் முதல் 100 மைல் ஓட்டிவிட்டுத் திரும்ப வரும்படியும், வருவதற்கு முன் வண்டியைக் கழுவ வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். சேறு படிந்த ஹோஸில் எங்காவது ஒரு கோடு பளபளத்தால், மறுபடியும் ஸ்பிரிங்கைக் கழற்றுவோம்.