சொல் விளக்கம்: மெய்நிகர்ப் பயிற்சி

பாரிசவாதத்தால் (பக்கவாதத்தால்) தளர்ந்துபோன கையை மறுபடி பழக்குவதற்கு, நோயாளியின் கண்களை மறைக்கும் திரையுள்ள ஹெட்செட் ஒன்றைத் தலையில் அணிவித்து, உள்ளே தெரியும் காட்சியில் கையை நீட்டவும் பிடிக்கவும் விடவும் வைப்பது மெய்நிகர்ப் பயிற்சி. தொலைக்காட்சிக்கு முன் கமராவை வைத்துச் செய்வதும் இதில் அடங்கும். அதில் காட்சிக்குள் இருக்கும் உணர்வு குறைவு, தலைச்சுற்றலும் குறைவு.

ஆங்கிலத்தில் இது வேர்ச்சுவல் ரியாலிட்டி, சுருக்கமாக வீ.ஆர். 'வேர்ச்சுவல்' என்பதன் வேர் விர்த்தூஸ் என்ற லத்தீன் சொல். ஆற்றல், வலிமை என்று பொருள். 'பெயரளவில் இல்லை, செயலளவில் உண்டு' என்ற கருத்து பிற்பாடு வந்தது. இரு சொற்களையும் சேர்த்து 1938இல் பிரெஞ்சில் எழுதியவர் அந்தோனின் அர்த்தோ. அவர் பேசியது நாடக மேடையைப் பற்றி. தலையில் அணியும் கணினித் திரையை ஐவன் சதர்லாந்து 1968இல் செய்துகாட்டினார். கணினி உலகில் இந்தப் பெயரைப் பரப்பியவர் 1980களில் ஜாரன் லேனியர்.

தமிழில் 'மாய யதார்த்தம்' என்றும் 'மெய்நிகர் உண்மை' என்றும் எழுதுகிறார்கள். மாயம் என்பது நம் விஞ்ஞானப் பாடநூலின் 'மாய விம்பம்' போன வழி. திரையில் விழாத விம்பத்துக்கு அது பொருத்தம், சிகிச்சைக்குப் பொருந்தாது. காட்சியில் உள்ள கோப்பை படம்தான். ஆனால் தோள் எழுவதும் முழங்கை நீள்வதும் விரல் விரிவதும் நிசம். மூளை பழகுவது அந்த அசைவில்தான். மெய் என்றால் உண்மை, உடம்பும் மெய்தான். நிகர் என்றால் ஒப்பு. 'மெய்நிகர் உண்மை' கூறியது கூறலாகிவிடுகிறது. காட்சியை மெய்நிகர் உலகம் என்றும் சிகிச்சையை மெய்நிகர்ப் பயிற்சி என்றும் சொல்வதே நல்லது. கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து வரும் வயதானவரிடம் 'மாயக் கண்ணாடி' என்றால் விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்றே நினைப்பார். "ஐயா, கோப்பை படம்தான், எட்டி எடுக்கிறது உங்கட கைதான்" என்றால் விளங்கிவிடும்.

பாரிசவாதம் நம் இலங்கை வழக்கு, தமிழ்நாட்டில் பக்கவாதம். பாரிசம், பார்சுவம் என்ற வடசொல்லின் திரிபு, பக்கம் என்று பொருள். ரிஹாபிலிடேஷனுக்கு இங்கே 'புனர்வாழ்வு' நிலைத்துவிட்டது. ராகம வைத்தியசாலையையும் அந்தப் பெயரோடுதான் சொல்கிறோம். தடுப்பு முகாம்களுக்கும் போதை மீட்பு நிலையங்களுக்கும் இதே சொல் ஓடுவதால், வீட்டாரிடம் பேசும்போது 'மறுவாழ்வுப் பயிற்சி' நல்லது.

இந்தப் பயிற்சியின் பயன் திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வொன்றில் வழமையான சிகிச்சை வேளை ஒன்றில் கையால் ஒரு காரியத்தைச் செய்யும் அசைவுகள் சராசரியாக 32தான் நடந்தன. விலங்குச் சோதனைகளில் மூளை மாற்றம் தெரிந்தது நாளுக்கு நூற்றுக்கணக்கான அசைவுகளில். சலிப்பில்லாமல் எண்ணிக்கையைக் கூட்டவே இந்தக் கருவி. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பின் 2017 மீளாய்வு 72 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வழமையான சிகிச்சையோடு மேலதிகமாகச் செய்தபோது கை முன்னேறியது. சிகிச்சைக்குப் பதிலாகச் செய்தபோது கைக்குத் தனி நன்மை தெரியவில்லை. 2016இல் வெளியான 141 பேர் ஆய்வில், கடையில் வாங்கும் நின்டெண்டோ வீ (Wii) வீடியோ விளையாட்டும் கடதாசி (சீட்டு), பிங்கோ போன்ற விளையாட்டும் ஒரே அளவு பலனே தந்தன. ஆகவே இயன்மருத்துவரிடம் போவதை நிறுத்திவிட்டு ஹெட்செட் வாங்குவது பணத்தையும் காலத்தையும் வீணாக்கும்.

சில்லு இல்லாத, கைப்பிடி உள்ள கதிரையில் இருத்துங்கள், பாதம் இரண்டும் தரையில் படவேண்டும். முதல் நாள் 5 முதல் 10 நிமிடம் போதும். காட்சி தானாக நகரக்கூடாது: கண் 'போகிறேன்' என்று சொல்ல, உட்காது 'இருக்கிறேன்' என்று சொன்னால் குமட்டல் வரும். உள்ளே தெரிவதைத் தொலைக்காட்சியிலும் காட்டுங்கள், இல்லாவிட்டால் நோயாளி என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

அதிகம் பிழை வருவது உடம்பைச் சாய்ப்பதில். கோப்பை எட்டாதபோது முழங்கையை நீட்டாமல் நெஞ்சை முன்னே தள்ளி, தோளைக் காதருகே தூக்கி எடுத்துவிடுவார். கருவி அதற்கும் புள்ளி போடும், அது கையின் இடத்தை மட்டுமே பார்க்கிறது. முதுகு கதிரையை விட்டு எழாதபடி அகலமான பட்டியால் நெஞ்சைக் கட்டி, கோப்பையைக் கிட்டக் கொண்டுவாருங்கள். கை முறுகி மூடியிருந்தால் கமரா விரல்களைப் பிரித்தறியாது, காட்சியில் கை துள்ளும் அல்லது மறைந்துபோகும். அப்போது முன்கையை மேசையில் தாங்கி, விரல்களை மெல்ல விரித்துவிட்டுத் தொடங்கவேண்டும். தோள் மூட்டு இறங்கியிருந்தால் கையைத் தாங்காமல் உயர்த்தவைக்கக் கூடாது. பிடித்து இழுப்பது அதைவிட மோசம். வலது மூளை பாதித்தவர் சிலர் இடப்பக்கத்தையே கவனிக்கமாட்டார். அவருக்கு இடப்பக்கத்தில் கோப்பை வைத்தால் பல நிமிடம் சும்மா இருப்பார், சோம்பல் என்று திட்டாதீர்கள். நடுவில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள்.

கொழும்புப் புழுக்கத்தில் வில்லை சீக்கிரம் ஆவி பிடிக்கும், மின்விசிறி வேண்டும். வில்லையில் வெயில் படவிட்டால் திரை கருகிவிடும்.

முன்னேற்றத்துக்குக் கருவி தரும் புள்ளியை நம்பவேண்டாம். 60 வினாடியில் எத்தனை சிறு மரக்கட்டைகளைப் பெட்டியின் மறுபக்கத்துக்கு மாற்றுகிறார் என்று ஹெட்செட் இல்லாமல் எண்ணுங்கள். கொழும்புக் காலி வீதியில் பஸ் கம்பியைப் பிடிக்க உதவுவது அந்த எண்ணிக்கை.

வலிப்பு வந்தவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. பயிற்சியின் நடுவே முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, புதிதாகப் பலம் குறைந்தாலோ கருவியைக் கழற்றி உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள்.