சொத்தைப் பல்: குழி விழுவதற்கு முன்னால் நடப்பது

குளிர்ந்த தண்ணீர் பட்டுப் பல் சுரீரென்று கூசும்போதுதான் பலருக்கும் சொத்தை என்ற நினைப்பே வருகிறது. அதற்குள் குழி விழுந்திருக்கும். ஆனால் சொத்தை தொடங்கிப் பல மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள்கூட ஆகியிருக்கும். அந்த இடைப்பட்ட காலத்தில் பல்லில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், பல்லைப் பார்த்துக்கொள்ள யார் தேவை என்ற கேள்விக்கும் புதிய பதில் கிடைக்கும்.

1880களில் பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், பிடுங்கிய பற்களை எடுத்து, ரொட்டியும் எச்சிலும் கலந்த கலவையில் ஊறப் போட்டார். பல்லின் தாது கரைந்தது. எச்சிலைக் கொதிக்க வைத்த பிறகு போட்டால் கரையவில்லை. ரொட்டிக்குப் பதிலாக இறைச்சிக் கொழுப்பைச் சேர்த்தாலும் கரையவில்லை. ஆக, எச்சிலில் உயிரோடிருக்கும் ஏதோ ஒன்று மாவுப்பொருளைத் தின்று அமிலத்தைச் சுரக்கிறது, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. 1890இல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இவ்வளவு எளிமையான சோதனை இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்து நிற்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

அந்த உயிர்கள் பாக்டீரியாக்கள். மனித வாயில் இதுவரை சுமார் 700 வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. அவை பல்லின்மேல் பிசுபிசுப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் வழவழவென்று தட்டுப்படுகிறதே, அதுதான் அந்தப் படலம். அதில் அதிகம் பேசப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் லண்டனில் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். நாம் சாப்பிடும் சர்க்கரையிலிருந்தே அது பசை போன்ற ஒரு பொருளைத் தயாரித்துப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. அதே சர்க்கரையைச் செரித்து லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது.

1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்பவர், ஆட்களைக் குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளிக்கச் சொல்லி, அந்தப் படலத்தின் பிஎச் அளவை அளந்தார். இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். சில நிமிடங்களிலேயே அது 5க்குப் பக்கத்தில் சரிந்தது. மீண்டும் ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடித்தது. ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால், பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். அப்புறம் எச்சில் அமிலத்தைத் தணிக்க, போன தாதுவில் ஒரு பகுதி திரும்பப் பல்லுக்குள் படியும். ஒவ்வொரு நாளும் பல்லில் இப்படி ஒரு வரவு செலவு நடக்கிறது. அதனால் எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதோடு, எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். படுக்கும்போது குழந்தைக்குப் பால்புட்டியில் இனிப்பு கலந்து கொடுப்பது முன்பற்களை அழிப்பது அதனால்தான்.

சரி, மியூட்டன்ஸை ஒழித்துவிட்டால் போதுமா? போதாது. 1990களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஃபிலிப் மார்ஷ் முன்வைத்த விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. அடிக்கடி சர்க்கரை வந்தால் படலத்தில் அமிலம் கூடும். அமிலத்தைத் தாங்க முடியாத வகைகள் குறைந்து, தாங்கக்கூடியவை பெருகும். அவை இன்னும் அமிலத்தைச் சுரக்கும். அதாவது, நம் வாயில் சாதாரணமாக வாழும் கூட்டமே சூழல் மாறியதும் நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. மியூட்டன்ஸ் இல்லாவிட்டாலும் அதன் வேலையைச் செய்ய வேறு வகைகள் உண்டு.

சொத்தையின் முதல் அடையாளம் சுண்ணாம்பு தடவியது போன்ற ஒரு வெள்ளைத் திட்டு. மேற்பரப்பு உடைந்திருக்காது, அடியில் மட்டும் தாது குறைந்திருக்கும். இந்தக் கட்டத்தில் சொத்தையை நிறுத்தலாம், ஓரளவு திருப்பவும் செய்யலாம். பற்பசைகளில் சேர்க்கப்படும் ஃபுளோரைடு இருந்தால் திரும்பப் படியும் தாது முன்பைவிட அமிலத்தை அதிகம் தாங்கும். குழி விழுந்துவிட்டாலோ, பல் தானாக வளர்ந்து அதை மூடிக்கொள்ளாது.

குழியை அடைக்கத் துளைக்கருவியும் மருத்துவரும் வேண்டும். வெள்ளைத் திட்டைக் கண்டுபிடிக்கவோ, குழந்தையின் வாயை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும், அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவர் வேண்டும்.

நியூசிலாந்து இதை 1921இலேயே செய்து பார்த்தது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் இருந்த நிலையைக் கண்டு அரசு அதிர்ந்திருந்தது. பல் மருத்துவர் தாமஸ் ஹண்டரின் முயற்சியில், வெலிங்டனில் இளம்பெண்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துப் பள்ளிகளுக்குப் பல் தாதியராக அனுப்பினார்கள். பற்களைச் சோதிப்பது, சொத்தையை அடைப்பது, பால் பல்லைப் பிடுங்குவது எல்லாம் அவர்கள் வேலை. பிள்ளைகள் அந்த அறைக்குக் கொலைக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துத் துளைக்கருவியின் வலி அப்படி. ஆனாலும் பணக்காரர், ஏழை என்ற வேறுபாடில்லாமல் பள்ளிப் பிள்ளைகளின் வாயைப் பார்க்க ஆள் இருந்தது. இலங்கையில் மஹரகமவில் உருவான பள்ளிப் பல் தாதியர் பயிற்சியும் நியூசிலாந்தின் உதவியோடு தொடங்கியதுதான்.

அமெரிக்காவின் அலாஸ்காவில் விமானத்திலோ படகிலோ மட்டுமே போகக்கூடிய பழங்குடி ஊர்கள் உண்டு. அங்கிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து 2003இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்குப் பல் சிகிச்சையாளர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மருத்துவர் அல்லாதவர் பல்லில் கை வைப்பதா என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2006இல் வழக்குப் போட்டது. மறு ஆண்டே சமரசத்தில் முடிந்தது. 2018இல் வெளியான ஆய்வு, இந்தச் சிகிச்சையாளர்கள் அதிக நாள் பணியாற்றிய ஊர்களில் பல் பிடுங்குவது குறைந்தும், தடுப்புச் சிகிச்சைக்கு வருவது கூடியும் இருந்ததைக் காட்டியது. பயிற்சியின் தரத்தை யார் கண்காணிப்பது என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஆளே வராத ஊரில் பிள்ளையின் வலியை யார் பார்ப்பது என்ற கேள்வி அதைவிடப் பெரியது.

இத்தகைய பல் சிகிச்சையாளர்கள் கையில் இன்று ஒரு நல்ல மருந்தும் இருக்கிறது. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவம் அது. சொத்தையின்மேல் சிறு தூரிகையால் தடவினால் போதும், ஊசியோ துளைக்கருவியோ வேண்டாம். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதால் முன்பல்லுக்குப் பல பெற்றோர் தயங்குவார்கள், கடைவாய்ப் பால் பல்லுக்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஒரு தடவை தடவிவிட்டு மறந்துவிட முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை தடவினால்தான் பலன் நன்றாக நிலைக்கிறது. அதற்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த ஊருக்கு ஆள் வர வேண்டும்.