ஹிகிகோமோரி: அடைந்துகிடத்தல்

வெளியுலகத் தொடர்பை விட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதை ஜப்பானியர் 'ஹிகிகோமோரி' என்கிறார்கள். அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடங்களைப் பார்ப்பவர்கள் பலருக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியது 2006இல் 24 பகுதிகளாக வந்த 'என்.எச்.கே. நி யோகோசோ' தொடர்தான். நாயகன் சத்தோவுக்கு வயது 22. கல்லூரியை விட்டுவிட்டு, பெற்றோர் அனுப்பும் பணத்தில், ஏறக்குறைய 4 ஆண்டுகளாக ஒற்றை அறையில் காலம் கழிக்கிறான். என்.எச்.கே. என்பது உண்மையில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம். அவனோ அதை 'நிஹோன் ஹிகிகோமோரி கியோகாய்', அதாவது ஜப்பான் ஹிகிகோமோரி சங்கம் என்று விரித்து, தன்னைப் போன்றவர்களை உருவாக்குவதே அந்தச் சங்கத்தின் சதி என்று நம்புகிறான். இந்த நம்பிக்கை வேடிக்கையாகத் தொடங்கி, போகப்போக நெஞ்சை அறுக்கும். தன் நிலைக்குத் தானும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்வதைவிட, எங்கோ ஒரு எதிரி இருக்கிறான் என்று நினைப்பது அவனுக்கு எளிதாக இருக்கிறது. கடைசியில் அவனை வெளியே இழுப்பது அறிவுரை அல்ல. வீட்டிலிருந்து வந்த பணம் நின்றதும் வந்த பசி.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஹிகு' என்றால் இழு, பின்வாங்கு. 'கோமோரு' என்றால் உள்ளே அடைந்திரு. இரண்டும் சேர்ந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் ஹிகிகோமோரி. அந்த நிலைக்கும் அதில் இருப்பவருக்கும் இதே பெயர்தான். கோமோரு பழைய சொல். கோயிலில் தங்கி நோன்பிருப்பதையும், குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் இருப்பதையும் அது குறித்தது. அதில் இழிவு ஏதும் இல்லை.

இன்றைய பொருளில் அதைப் பரவலாக்கியவர் மனநல மருத்துவர் தமாகி சைத்தோ. 1998இல் வெளியான நூலில் அவர் வகுத்த வரையறை இது: 6 மாதமோ அதற்கு மேலோ சமூகத்தில் கலக்காமல் வீட்டோடு இருப்பது, வேறொரு மனநோய் அதற்கு முதன்மைக் காரணமாக இல்லாதிருப்பது. இது இளைஞர்களின் சிக்கல் மட்டுமல்ல. 80 வயதுப் பெற்றோர் 50 வயதுப் பிள்ளையைத் தாங்கும் நிலைக்கு அங்கே '8050' என்றே பெயர் வந்துவிட்டது. 2023இல் ஜப்பான் அரசு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 64 வயதுக்குள் சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர். பக்கத்துக் கடைவரை போய்வருபவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

தமிழில் என்ன சொல்வது? 'தனிமை விரும்பி' பெரிய தவறு. சத்தோ தனிமையை விரும்பவில்லை, அதில் வெந்துகொண்டிருக்கிறான். 'சோம்பேறி' என்பது வசை. 'முடக்கம்' ஓரளவு நெருங்குகிறது. ஆனால் 2020க்குப் பிறகு அது அரசு போட்ட பொது முடக்கத்தைத்தான் நினைவூட்டுகிறது. 'அறைவாசி' என்றால் விடுதியில் தங்கியிருப்பவர் என்று தோன்றும், கடைவரை போய்வருபவரும் விடுபட்டுப் போவார்.

நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது: "எந்நேரமும் உள்ளேயே அடைஞ்சு கிடக்கிறான்." 'அடைந்து' தன்வினை, யாரோ பூட்டி வைத்ததல்ல. கூட்டுக்குள் பறவை அடைவதும் இதே வினைதான். 'கிடத்தல்' நாள்கணக்கு நீண்டுபோனதைச் சொல்லிவிடுகிறது. சைத்தோவின் 6 மாதம் அதிலேயே இருக்கிறது. ஆகவே நிலைக்கு 'அடைந்துகிடத்தல்', ஆளுக்கு 'அடைந்துகிடப்பவர்' என்பதே என் தேர்வு. நீளம்தான், இருக்கட்டும். மருத்துவக் கட்டுரையிலோ ஜப்பானியச் சூழலை விளக்கும்போதோ ஹிகிகோமோரி என்று ஒருமுறை எழுதி, அப்புறம் தமிழ்ச் சொல்லைத் தொடரலாம்.