பெருங்கடை ஊழியர்களின் முதுகும் கால்களும்: ஓர் இயன்முறை மருத்துவரின் குறிப்பு

திருநெல்வேலியில் வீடு கட்டுகிறவர்கள் முன்பெல்லாம் கம்பிக்கு ஒரு கடை, பெயிண்டுக்கு ஒரு கடை, குழாய்க்கும் சானிட்டரி சாமான்களுக்கும் இன்னொரு கடை என்று டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் பலமுறை அலைவார்கள். இப்போது டைல்ஸ், பெயிண்ட், குழாய், மின்விளக்கு, சமையல் மேடைக்கான கல், கதவுப் பூட்டு வரை அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் பெருங்கடைகள் வந்துவிட்டன. பாளையங்கோட்டையில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் வருகிறவர்களில் இக்கடைகளின் ஊழியர்களும் கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். முக்கூடல், மானூர், நாங்குநேரி, சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறவர்கள். இதே ஊர்களின் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு முன்பு சென்னை தியாகராய நகர்க் கடைகளுக்குப் போய், அங்கேயே தங்கி, பொங்கலுக்கோ கோவில் கொடைக்கோ மட்டும் ஊர் திரும்பினார்கள். இன்று இரவில் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட முடிகிறது என்பது சிறிய விஷயம் அல்ல. ஆகவே இந்த வேலை வேண்டாம் என்று நான் எவருக்கும் சொல்வதில்லை. ஆனால் இருபத்தைந்து வயதில் ஐம்பது வயதுக்காரரின் முதுகோடு அவர்கள் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

முதுகுவலி என்று வரும் விற்பனை ஊழியரிடம் பாரம் தூக்குவீர்களா என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். "நான் சேல்ஸ்லதான் இருக்கேன் சார், லோடு ஏத்த வேற ஆளு இருக்காவல்லா" என்பதுதான் வழக்கமான பதில். காலையில் கடை திறந்தது முதல் என்னென்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போதுதான் பாரம் வெளியே வருகிறது. வாடிக்கையாளர் ஒரு டைல்ஸைக் காட்டச் சொல்கிறார். அதைச் சட்டத்திலிருந்து உருவித் தரையில் வைக்க வேண்டும். பக்கத்தில் வேறு நிறத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அடுத்ததையும் உருவ வேண்டும். கடை விளக்கில் நிறம் சரியாகத் தெரியவில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள் என்கிறார். இரண்டையும் வாசல் வரை தூக்கிச் செல்ல வேண்டும். மாலையில் வீட்டாரை அழைத்து வருகிறேன் என்று அவர் கிளம்பிய பிறகு எல்லாவற்றையும் பழையபடி அடுக்க வேண்டும், மாலையில் மீண்டும் எடுக்க வேண்டும்.

நான்கடிக்கு இரண்டடி அளவுள்ள விட்ரிஃபைடு டைல்ஸ் ஒன்றே சுமார் 14 கிலோ இருக்கும். இரண்டடிச் சதுர டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி ஏறத்தாழ 28 கிலோ. இருபது லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் வாளியும் அதே அளவு கனக்கும். சுவர் புட்டி மூட்டை 40 கிலோ. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்கத்தக்க அதிகபட்ச எடையே 23 கிலோதான். சாதகமான சூழல் என்பது, பாரம் உடலை ஒட்டி இருக்க வேண்டும், தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் தொடங்க வேண்டும், இடுப்பைத் திருப்பக் கூடாது, அடிக்கடி தூக்கக் கூடாது என்பனவற்றைக் குறிக்கும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அந்த 23 கிலோவும் குறைந்துகொண்டே வரும். தரையில் கிடக்கும் டைல்ஸ் பெட்டியை, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய இடத்தில் நின்று, கை நீட்டிக் குனிந்து, இடுப்பைத் திருப்பி எடுக்கும் ஊழியருக்கு நான்கும் பாதகமாகவே அமைகின்றன.

ஆகவே தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடுவதாக நான் எண்ணவில்லை. முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே என்று சொல்வது எளிது. முழங்காலை மடக்கக் கடையில் இடம் இருக்க வேண்டும் அல்லவா? பொருள் எந்த உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதிகம் விற்கும் கனமான பொருள்களை இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அடுக்குவது, மெதுவாக விற்பனையாகும் இலேசான பொருள்களைக் கீழேயும் மேலேயும் வைப்பது, பெட்டிகளை வெறுந்தரையில் வைக்காமல் மரப்பலகைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அவற்றின்மேல் வைப்பது, தளத்துக்கு ஒரு தள்ளுவண்டியாவது நிரந்தரமாக நிறுத்துவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. வாசலருகே பகல் வெளிச்சம் விழும் இடத்தில் சாய்வான காட்சி மேசை ஒன்றைப் போட்டு, நன்றாக விற்கும் மாதிரிகளை அங்கேயே நிரந்தரமாக வைத்துவிட்டால், நாளெல்லாம் டைல்ஸைச் சுமந்து நடக்கும் வேலையில் பெரும்பகுதி குறைந்துவிடும். இவற்றைச் செய்துகொடுத்த ஒரு கடையின் மேற்பார்வையாளர், உடையும் டைல்ஸும் குறைந்துவிட்டதாக என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார்.

இதற்கு மாற்றாகப் பல கடைகள் ஊழியர்களுக்கு இடுப்புப் பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு முடிந்ததாகக் கருதுகின்றன. இந்தப் பெல்ட்டின் வரலாறு இதே தொழிலோடு தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1978-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஹோம் டிப்போ, வீட்டு மேம்பாட்டுப் பொருள்களை விற்கும் பெருநிறுவனம். அதன் கலிபோர்னியாக் கடைகளில் பணியாற்றிய சுமார் 36,000 ஊழியர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஆய்வு, பெல்ட்டைக் கட்டாயமாக்கிய பிறகு திடீர் முதுகுக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று கூறியது. பெல்ட் விற்பனைக்கு அது பெரிய ஊக்கமாயிற்று. ஆனால் அதே காலத்தில் கடைகளில் நடந்த பிற மாற்றங்களின் பங்கு எவ்வளவு, பெல்ட்டின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வில் பிரித்தறிய முடியவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. பின்னர் நியோஷ் நிறுவனம், ஒரு பெரும் சில்லறை விற்பனை நிறுவனம் புதிதாகத் திறந்த 160 கடைகளில் பாரம் கையாளும் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் முடிவை வெளியிட்டது. நாள்தோறும் பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே முதுகுக் காயத்திலோ வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்பதே அந்த முடிவு. வலி இருக்கும் சில நாள்களில் மருத்துவர் சொன்னபடி பெல்ட் அணிவதில் தவறில்லை. பெல்ட் கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் கூடுதலாக ஒரு பெட்டியைச் சேர்த்துத் தூக்குவதுதான் ஆபத்து.

முதுகுக்கு அடுத்து வருவன கால்கள். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல வலிக்கிறது என்பார்கள். மாலையில் கணுக்கால் வீங்கிக் காலணி இறுகுகிறது என்பார்கள். முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது என்று தயங்கியபடி காட்டுவார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும்போது அந்த விசை நின்றுபோகிறது. ஆகவே நடந்துகொண்டே இருக்கும் குடோன் ஊழியரைவிடத் தன் பிரிவை விட்டு நகராமல் நிற்க வேண்டிய குளியலறைச் சாமான் பிரிவுப் பெண்ணுக்குக் கால் வீக்கம் அதிகமாக இருப்பதில் வியப்பில்லை.

உட்காருவதற்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது என்பது இவர்களில் பலருக்குத் தெரியாது. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு இருக்கைக்காகவும் பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக, 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் தனது 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் அதே வகைத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம். நடைமுறையில் நிலை எப்படி என்பதை ஒரு பெண் சொன்னார்: "உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல சார். ஆனா ஸ்டூல் ஒண்ணுதான் கெடக்கு, அதுவும் பில்லிங்ல. நாங்க உக்காந்தா கேமராவுல தெரியும்லா." வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர் உட்கார்ந்திருப்பதைச் சோம்பலாகக் கருதும் மேலாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, உட்கார்ந்து எழுந்த கால்களோடு மாலைக் கூட்டத்தைக் கவனிக்கும் ஊழியரே நன்றாக விற்பார் என்பதைத்தான்.

அதே சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுக்கிறது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் 1 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்கிறது. மிகைநேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் என்றும் சொல்கிறது. தை மாதப் புதுமனைப் புகுவிழாக்களுக்காக மார்கழி முழுவதும் டைல்ஸ் பிரிவிலும் பெயிண்ட் பிரிவிலும் கூட்டம் நெரியும் நாள்களில் அந்த 1 மணி நேரம் கால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. பெண்களுக்கு இதில் இன்னொரு துன்பமும் உண்டு. கழிப்பறை குடோனுக்குப் பின்னால் இருப்பதாலும், போய்வர மேற்பார்வையாளரின் அனுமதி தேவைப்படுவதாலும், அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இது சிறுநீர்த் தொற்றுக்கு நேர்வழி.

கல் வெட்டும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சமையல் மேடைக்கான கிரானைட்டையோ குவார்ட்ஸ் பலகையையோ கடையின் பின்புறத்திலேயே அளவுக்கு வெட்டித் தருவது சில இடங்களில் வழக்கம். செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகள் பலவற்றில் சிலிக்கா என்னும் கனிமம் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். தண்ணீர் ஊற்றாமல் வெட்டும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்குகிறது. அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இந்த நோயால் இளம் கல்தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையைத் தடை செய்தது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்தத் தூசியைத் தடுக்காது. தண்ணீர் பாயும் வெட்டு இயந்திரமும், முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 முகக்கவசமும் வேண்டும். வெட்டும் இடம் விற்பனைத் தளத்திலிருந்து விலகியும் இருக்க வேண்டும். வெட்டும் வேலையில் இருப்பவருக்கு இருமல் சில வாரங்கள் நீடித்தால், என்னிடம் முதுகுக்கு வந்தவராக இருந்தாலும், நெஞ்சக மருத்துவரிடம் உடனே அனுப்புகிறேன்.

நான் மிகவும் வருந்துவது ஒன்று உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள இவர்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்கான பிடித்தம் இருக்கிறது. சம்பளத்தில் ஊழியரின் பங்கு 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. ஆயினும் பெட்டியைத் தூக்கும்போது முதுகில் பிடித்துக்கொண்டால், வீட்டில் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார்கள், வலி முற்றிய பிறகு கைக்காசைச் செலவழித்துத் தனியார் மருத்துவரிடம் போகிறார்கள். வேலையில் ஏற்பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு இ.எஸ்.ஐ. ஏறத்தாழ 90 விழுக்காடு ஊதியத்தைத் தருகிறது. இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சேர்ந்த முதல் வாரத்தில் காயம்பட்டாலும் உரிமை உண்டு. சாதாரண நோய்க்கான விடுப்பு என்றால் 70 விழுக்காடுதான், அதுவும் குறிப்பிட்ட நாள்கள் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே. ஆகவே காயம்பட்ட அன்றே கடையின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருத்துவரிடம், எந்தப் பொருளை, எந்த நேரத்தில், எப்படித் தூக்கியபோது பிடித்தது என்பதைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதவும் கேளுங்கள். நான்கு மாதம் கழித்து என்னிடம் வந்து சான்று கேட்டால், வலி இருக்கிறது என்று என்னால் எழுத முடியும். அது கடையில்தான் வந்தது என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

இவ்வளவும் கடையின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குப் பொருந்தும். லாரியிலிருந்து சரக்கை இறக்கும் லோடுமேன்களின் நிலை வேறு. தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இம்மாவட்டத்தில் மூட்டை சுமப்பது பலரின் பிழைப்பாக இருந்துவருகிறது. 50 கிலோ மூட்டையைத் தலையிலும் தோளிலும் ஏற்றிய கழுத்துகளை என் மேசையில் அடிக்கடி பார்க்கிறேன். பெருங்கடைகளில் இவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக, லோடு கணக்கில் கூலி பெறுகிறவர்கள். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தாலும், கடையின் வேலையைக் கடையில் செய்கிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. சந்தாவைச் செலுத்தும் பொறுப்பு முதன்மை முதலாளியான கடை உரிமையாளரையே சேரும் என்பதைக் கடை உரிமையாளர்கள் தங்கள் கணக்காளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பட்டியலிலும் வராமல் அன்றாடம் கூப்பிட்ட கடைக்குப் போகும் சுமைதூக்குவோர், 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால், தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை அந்தப் பதிவின் வழியாகவே கிடைக்கும். ஆதார் அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்துக்குச் சென்றால் பதிவு செய்யும் முறையைச் சொல்லித் தருவார்கள். பதிவு செய்தவர்கள் அதைக் காலாவதியாக விடாமல் உரிய காலத்தில் புதுப்பித்தும் வர வேண்டும்.